எழுதாத எண் பூச்சியம் ஆகிவிடும்: திரையில் ஓடும் சுற்று போர்டில் ஏன் சுடுகிறது?

12 வோல்ற்று பற்றரியிலிருந்து 24 வோல்ற்று எடுக்கும் ஏற்று மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்ஈடி வரிசைகளுக்கும் சிறிய நீர்ப்பம்பிகளுக்கும் இதைச் செய்து பார்க்காத தொழில்நுட்ப மாணவர் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ குறைவு. கணினியில் வரைந்து ஓடவிட்டால் 24 வோல்ற்று அச்சொட்டாக வருகிறது, விரயமும் சொற்பம். அதே சுற்றைப் போர்டில் ஈயம் வைத்துப் பூட்டி மின் கொடுத்தால், சற்று நேரத்திலேயே இருவாயியில் (டயோட்டில்) விரல் வைக்க முடியாது. ஆளியாக வேலை செய்யும் மொஸ்பெட்டும் கொதிக்கிறது. இணைப்புப் பிழை இல்லை, உறுப்புகளின் இலக்கமும் சரி.

“சிமியுலேஷன் பொய் சொல்லுது” என்று அந்த இடத்தில் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். சிமியுலேற்றர் பொய் சொல்லவில்லை. அதற்குக் கொடுத்த இருவாயி மொடலில் ஓர் எண் எழுதப்படாமல் இருந்தது. அந்த எண் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை மற்றவர்களோடு எப்படிப் பகிர்வது என்பதே இக்கட்டுரை.

ஒரு குறிப்பு. பரமானங்களின், அதாவது மொடலில் எழுதும் எண்களின், பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். மொடல் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சுச் செய்ய வேண்டும்.

## மொடல் என்பது என்ன

சிமியுலேற்றருக்கு இருவாயியைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு சமன்பாடும், அந்தச் சமன்பாட்டில் நிரப்பவேண்டிய சில வெற்றிடங்களுந்தான். அந்த வெற்றிடங்களை நிரப்பும் எண்களின் பட்டியலைத்தான் மொடல் என்கிறோம்.

இன்று இலவசமாகக் கிடைக்கும் எல்ரி ஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ், கீகேட் என்ற சுற்று வரையும் நிரலுக்குள் இருக்கும் சிமியுலேற்றர் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் டொனால்ட் பீடர்சனின் வழிகாட்டலில் லோரன்ஸ் நாகல் எழுதி 1973 இல் வெளியிட்ட ஸ்பைஸ் என்ற நிரல்தான் அது. அதன் மூலநிரல் பகிரங்கமாகக் கொடுக்கப்பட்டதால் உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் காலத்தில் சுற்றைத் துளை அட்டைகளில் எழுதினார்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை. மொடல் வரி நீண்டுபோனால் அடுத்த வரியை இன்றும் கூட்டல் குறியோடு தொடங்குவது அந்த அட்டைகளின் மிச்சம்.

மொடல்கள் இரண்டு வகை.

1. பரமான மொடல். சமன்பாடு நிரலுக்குள்ளேயே இருக்கும். நாம் எண்களை மட்டும் கொடுக்கிறோம். இருவாயி, திரான்சிற்றர், மொஸ்பெட் இந்த வகை.

2. உபசுற்று. சமன்பாடு நிரலுக்குள் இல்லாத உறுப்பை, இருக்கிற உறுப்புகளைக் கோத்து நாமே கட்டி, வெளியே சில முனைகளை மட்டும் நீட்டி வைப்பது. சோலார் பனல், செயற்பாட்டு விரியலாக்கி (ஒப்-ஆம்ப்), தைரிஸ்ரர் இந்த வகை.

## எழுதாத எண்ணுக்கு என்ன நடக்கும்

இருவாயி மொடலில் ஒரு பரமானத்தை எழுதாமல் விட்டால் நிரல் பிழைச்செய்தி காட்டாது, எச்சரிக்கவும் மாட்டாது. தன்னிடமுள்ள இயல்பு மதிப்பைப் போட்டுக்கொண்டு ஓடும். அந்த இயல்பு மதிப்புகளைப் பாருங்கள்:

1. ஆர்எஸ், அதாவது தொடர் தடை: பூச்சியம்.
2. சிஜேஓ, அதாவது சந்திக் கொள்ளளவம்: பூச்சியம்.
3. ரிரி, அதாவது கடவு நேரம்: பூச்சியம்.
4. பிவி, அதாவது பின்முக உடைவு அழுத்தம்: முடிவிலி.

தடையே இல்லாத, கொள்ளளவமே இல்லாத, கண்ணிமைக்கும் நேரங்கூட எடுக்காமல் அணையும், எத்தனை ஆயிரம் வோல்ற்றுக்கும் உடையாத இருவாயி ஒன்று கிடைக்கிறது. அப்படியொன்று கல்முனைக் கடையிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. அரைகுறையாக எழுதிய மொடல், உறுப்பை உண்மையில் இருப்பதைவிட நல்லதாகவே பெரும்பாலும் காட்டும். பிழை இந்தப் பக்கமாகச் சாய்வதால்தான் சுற்று திரையில் ஓடிப் போர்டில் எரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. சாதாரண மொடலில் எதுவும் எரியாது. கால் வாற்று தடையியில் 40 வாற்று போனாலும் சிமியுலேற்றர் பேசாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வோர் உறுப்பிலும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிப் பார்ப்பது நம்முடைய வேலை.

## கையிலுள்ள இருவாயிக்கு மொடல் எழுதுதல்

எந்த உதிரிப்பாகக் கடையிலும் கேட்டவுடன் கைக்கு வருவது 1என்4007 என்ற இருவாயி. பெயர் ஒன்றாக இருந்தாலும் தயாரிப்பாளர் பலர். பையில் பெயரே இல்லாததும் வரும். இறக்கி எடுத்த மொடல் உங்கள் பையிலுள்ள துண்டுக்குப் பொருந்துமா என்பதை அளந்துதான் சொல்லலாம். அதற்கு வேண்டியவை 12 வோல்ற்று வழங்கி ஒன்று, இலக்க மல்ரிமீற்றர் ஒன்று, 12 கிலோ ஓம், 1.2 கிலோ ஓம் தடையிகள், 12 ஓம் 20 வாற்று சீமெந்துத் தடையி, ஒரு வெப்பமானி.

ஒவ்வொரு தடையியையும் இருவாயியோடு தொடராகப் பூட்டி, இருவாயியின் குறுக்கே அழுத்தத்தை அளக்க வேண்டும். ஓட்டத்தை மீற்றரின் அம்பியர் துளையில் அளக்காதீர்கள். தடையியின் குறுக்கே வோல்ற்றை அளந்து, தடையால் வகுத்து எடுத்தால் பிழை குறையும். மீற்றரின் உருகியும் தப்பும்.

கணக்கு விளங்குவதற்காக மூன்று வாசிப்புகளை வைத்துக்கொள்வோம். அறை வெப்பம் 27 பாகை செல்சியஸ்.

1. 1 மில்லி அம்பியரில் 0.57 வோல்ற்று.
2. 10 மில்லி அம்பியரில் 0.67 வோல்ற்று.
3. 1 அம்பியரில் 0.93 வோல்ற்று.

முதலில் என் எனப்படும் இலட்சியக் காரணி. முதல் இரண்டு வாசிப்புகளின் வித்தியாசம் 0.10 வோல்ற்று. ஓட்டம் பத்து மடங்கு ஏறியிருக்கிறது. பத்தின் இயற்கை மடக்கை 2.303. 27 பாகையில் வெப்ப அழுத்தம் (வெப்பநிலையோடு மாறும், இருவாயிச் சமன்பாட்டில் வரும் ஒரு மின்னழுத்தம்) 0.02587 வோல்ற்று. எனவே என் = 0.10 ÷ (0.02587 × 2.303) = 1.68.

அடுத்து ஐஎஸ், நிரம்பல் ஓட்டம். 0.57 ஐ (1.68 × 0.02587) ஆல் வகுத்தால் 13.1. அதன் அடுக்கேற்றம் (e இன் 13.1 ஆம் அடுக்கு) ஏறத்தாழ 5 இலட்சம். 1 மில்லி அம்பியரை அதனால் வகுத்தால் 2 நனோ அம்பியர்.

கடைசியாக ஆர்எஸ். இந்த இரு எண்களை மட்டும் வைத்து 1 அம்பியருக்குக் கணித்தால் 0.87 வோல்ற்று வருகிறது. அளந்தது 0.93. மிச்சம் 0.06 வோல்ற்று, அதை 1 அம்பியரால் வகுக்க 0.06 ஓம்.

மூன்று வாசிப்பில் மூன்று பரமானம் கிடைத்துவிட்டது. இதில் பிழைக்கும் இடங்கள் இரண்டு. மூன்றாவது வாசிப்பின்போது இருவாயியில் ஏறத்தாழ ஒரு வாற்று வெப்பம் பிறக்கிறது. வெப்பம் ஏற ஏற அழுத்தம் பாகைக்கு ஏறத்தாழ 2 மில்லி வோல்ற்று வீதம் இறங்கும். மீற்றரைப் பார்த்துக்கொண்டே நின்றால் எண் கீழே ஓடுவது தெரியும். அதனால் இரண்டு விநாடிக்குள் வாசித்துவிட்டு மின்னை எடுக்க வேண்டும். மற்றது அறை வெப்பம். சிமியுலேற்றர் வேறு சொல்லாவிட்டால் 27 பாகை என்றே எடுத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் மட்டக்களப்பில் மின்விசிறி மட்டும் சுழலும் அறை 32 பாகையில் இருக்கும். இந்த 5 பாகை 10 மில்லி வோல்ற்றாகி, ஐஎஸ் மதிப்பில் காற்பங்கு பிழையாக வந்து நிற்கும். அளந்தது 32 பாகையில் என்றால் கணக்கிலும் அந்த வெப்ப அழுத்தத்தைப் போட்டு, மொடலில் ரிநோம் என்ற பரமானத்தையும் 32 என்று எழுதிவிடுங்கள்.

## சுட்ட இருவாயியின் கணக்கு

இப்போது தொடக்கத்தில் சொன்ன ஏற்று மாற்றிக்கு வருவோம். மேலே எடுத்த மூன்று எண்களாலும் அந்தச் சிக்கல் தீராது. அங்கே குற்றவாளி ரிரி.

இருவாயி முன்முகமாகக் கடத்தும்போது அதன் சந்தியில் மின்னேற்றம் தேங்கும். அழுத்தத்தைத் திடீரெனப் பின்முகமாக்கினால் தேங்கியது வடிந்து முடியும்வரை இருவாயி பின்பக்கமாகவும் கடத்தும். இதுவே மீட்சி நேரம். 1என்4007 வீட்டு மின்னின் 50 ஹேர்ட்ஸை நேராக்குவதற்குப் பிறந்தது. அதன் மீட்சி நேரம் மைக்ரோ விநாடிக் கணக்கு, 2 மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். யுஎஃப்4007 உருவத்தில் அதே கறுப்பு உருளை, அதே வெள்ளி வளையம்; மீட்சி நேரம் 75 நனோ விநாடி.

மாற்றி 50 கிலோஹேர்ட்ஸில் ஓடினால் ஒரு சுற்றுக்கு 20 மைக்ரோ விநாடி. அதில் 2 மைக்ரோ விநாடி, பத்தில் ஒரு பங்கு, 1என்4007 பின்பக்கமாகத் திறந்து கிடக்கிறது. மொஸ்பெட் கடத்தத் தொடங்கும் அதே நேரத்தில் இது நடப்பதால் வெளியீட்டுக் கொள்ளளவியின் 24 வோல்ற்றும் இருவாயி வழியாக மொஸ்பெட்டுக்குள் குறுக்குச் சுற்றாகப் பாய்கிறது. ஒரு விநாடிக்கு 50,000 தடவை. இரண்டும் சேர்ந்து சுடுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. மொடலில் ரிரி எழுதப்படாவிட்டால் திரையில் 1என்4007 க்கும் யுஎஃப்4007 க்கும் வித்தியாசமே தெரியாது.

இதை அளக்கப் பழைய 20 மெகாஹேர்ட்ஸ் அலைவுகாட்டி போதும்.

1. அலைபிறப்பாக்கியில் 10 கிலோஹேர்ட்ஸ் சதுர அலை, +5 இலிருந்து −5 வோல்ற்று வரை வையுங்கள்.
2. இருவாயியையும் 470 ஓம் தடையியையும் தொடராகப் பூட்டி, தடையியின் குறுக்கே பாருங்கள்.
3. முன்முக ஓட்டம் 4.3 ÷ 470, அதாவது 9.1 மில்லி அம்பியர். அலை புரண்டவுடன் பின்முகமாக 5.7 ÷ 470, அதாவது 12.1 மில்லி அம்பியர் சிறிது நேரம் தட்டையாக ஓடும். அந்தத் தட்டையின் நீளம்தான் தேக்க நேரம்.
4. ரிரி = தேக்க நேரம் ÷ (1 + 9.1/12.1) இன் இயற்கை மடக்கை. கீழே வரும் எண் 0.56.

தரவுத்தாளிலிருந்து எடுப்பதானால், முன்முக ஓட்டமும் பின்முக ஓட்டமும் சமமாக வைத்துச் சோதித்த மீட்சி நேரத்தை 0.69 ஆல் வகுத்தால் போதிய கிட்டிய மதிப்பு வரும். 2 மைக்ரோ விநாடிக்கு 2.9 மைக்ரோ விநாடி. 75 நனோ விநாடிக்கு ஏறத்தாழ 108 நனோ விநாடி. ஒரு குறை சொல்லியாக வேண்டும்: ஸ்பைஸின் பழைய இருவாயிச் சமன்பாட்டில் மின்னேற்றம் வடிந்ததும் ஓட்டம் வெட்டினாற்போல் நின்றுவிடும். உண்மையான இருவாயியில் அது மெல்ல வாலாக இறங்கும். எனவே விரயத்தை மதிப்பிட இந்த மொடலை நம்பலாம். மின்காந்த இரைச்சலை மதிப்பிட நம்பக்கூடாது.

## சோலார் பனல்: உபசுற்றும் அதிலுள்ள பொறியும்

மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் பம்பிக்கும், யானை வேலிக்கும், மீன்வாடி விளக்குக்கும் பயன்படும் சிறிய பனல்கள் பெரும்பாலும் 36 கலங்கள் கொண்டவை. பின்னால் ஒட்டியுள்ள சீட்டில் நான்கு எண்கள் இருக்கும். 50 வாற்றுப் பனல் ஒன்றுக்கு உதாரணமாக: திறந்த சுற்று அழுத்தம் 21.6 வோல்ற்று, குறுக்குச் சுற்று ஓட்டம் 3.05 அம்பியர், உச்ச வலுப் புள்ளியில் 18.0 வோல்ற்று, 2.78 அம்பியர். எல்லாம் 25 பாகை கல வெப்பத்தில்.

உபசுற்று எளிது. வெயிலுக்கு ஏற்ப ஓட்டம் தரும் ஓட்ட முதல் ஒன்று, அதற்குச் சமாந்தரமாக ஓர் இருவாயி, வெளியே வரும் வழியில் ஒரு தொடர் தடை. 36 கலங்களையும் தனித்தனி இருவாயியாக வரையாமல் ஒரே இருவாயியாகச் சுருக்குவதுதான் வழக்கம்.

1. ஒரு கலத்தின் இலட்சியக் காரணி 1.2 என்று எடுத்தால், 36 கலத்துக்கு என் = 43.2. 25 பாகையில் வெப்ப அழுத்தம் 0.02569, பெருக்கினால் 1.11 வோல்ற்று.
2. ஐஎஸ் = 3.05 ÷ (21.6/1.11 இன் அடுக்கேற்றம்) = ஏறத்தாழ 10.8 நனோ அம்பியர்.
3. உச்ச வலுப் புள்ளியில் இருவாயிக்குள் போவது 3.05 − 2.78 = 0.27 அம்பியர். அதற்கு இருவாயியின் அழுத்தம் 18.91 வோல்ற்று. வெளியே வருவது 18.0. மிச்சம் 0.91 ஐ 2.78 ஆல் வகுக்க, தொடர் தடை 0.33 ஓம்.

கலங்களின் ஒழுக்கைக் காட்டச் சமாந்தரமாக 300 ஓம் ஒன்றையும் போட விரும்பினால், தொடர் தடையை அப்படியே விட்டுவிடக்கூடாது. திரும்பக் கணித்தால் அது 0.23 ஓமாக இறங்கும். ஓர் எண்ணைத் தொட்டால் மற்றதும் அசையும்.

இதுவரை பலரும் சரியாகவே செய்கிறார்கள். பொறி இனித்தான். ரிநோமை 25 என்று வைத்து, இந்தப் பனலை 60 பாகையில் ஓடவிட்டுப் பாருங்கள். எங்கள் பகுதியில் காற்று 33 பாகையில் நிற்கும் நண்பகலில் கல வெப்பம் 60 ஐத் தாண்டுவது சாதாரணம். திறந்த சுற்று அழுத்தம் என்ன காட்டுகிறது? 24.0 வோல்ற்று. வெப்பம் ஏற அழுத்தம் ஏறுகிறது! உண்மையில் சிலிக்கன் பனலின் அழுத்தம் பாகைக்கு 0.3 சதவீதம் அளவில் இறங்க வேண்டும்.

காரணம், வெப்பத்தோடு ஐஎஸ் எப்படி வளரும் என்பதைச் சொல்லும் ஈஜி, எக்ஸ்ரிஐ என்ற இரண்டு பரமானங்களையும் ஸ்பைஸின் சமன்பாடு என் ஆல் வகுக்கிறது. ஒரு சந்திக்கு ஈஜி 1.11, எக்ஸ்ரிஐ 3 என்பது இயல்பு மதிப்பு. என் ஐ 36 மடங்காக்கிவிட்டு இவ்விரண்டையும் எழுதாமல் விட்டால், வெப்பத்தின் விளைவு 36 இல் ஒரு பங்காகச் சுருங்கிப்போகும். மருந்து எளிது: அவற்றையும் 36 ஆல் பெருக்கி ஈஜி = 40, எக்ஸ்ரிஐ = 108 என்று எழுத வேண்டும். இப்போது 60 பாகையில் 19.1 வோல்ற்று வருகிறது, பாகைக்கு 0.33 சதவீத இறக்கம். பனல்களின் தரவுத்தாளோடு இது ஒத்துப்போகிறது.

விளைவு சின்னதல்ல. பிழையான மொடல் 60 பாகையில் உச்ச வலு 56 வாற்று என்கிறது. திருத்திய மொடல் 42 வாற்று என்கிறது. முதலாவதை நம்பிப் பம்பி வாங்கியவர், வெயில் உச்சத்தில், தண்ணீர் அதிகம் வேண்டிய நேரத்தில் பம்பி திணறுவதைப் பார்ப்பார். குற்றம் பனலின் மேல் போகும். விற்ற கடைக்காரரோடு சண்டை வரும்.

எல்ரி ஸ்பைஸில் இருவாயியை வைக்கும் இடத்திலேயே “தொடராக இத்தனை” என்று சொல்லும் வசதி உண்டு. அது வெப்பத்தையும் சரியாகக் கையாளும். ஆனால் எல்லாச் சிமியுலேற்றரும் அதை ஏற்காது. பகிரப்போகும் மொடலுக்குப் பெருக்கி எழுதும் வழியே பாதுகாப்பு.

## மற்ற உறுப்புகள், சுருக்கமாக

மின்பகு கொள்ளளவியை வெறும் 1000 மைக்ரோ பரட் என்று வைக்காதீர்கள். ஈஎஸ்ஆர் எனப்படும் உள்தடையைத் தொடராகப் போடுங்கள். பழைய ரிவி போர்டிலிருந்து கழற்றியதில் அது 1 ஓமுக்கும் மேல் போயிருக்கலாம். 2 அம்பியர் குற்றலை (ஏறி இறங்கும் ஓட்டம்) ஓடினால் 2 வோல்ற்று அதிலேயே ஆடும். சிறிய செரமிக் கொள்ளளவிகளில் வேறு சிக்கல்: நேர் அழுத்தம் ஏறும்போது கொள்ளளவம் இறங்கும். 16 வோல்ற்று என்று எழுதியதில் 12 வோல்ற்று கொடுத்தால் மதிப்பு பாதிக்குக் கீழேயும் போகலாம்.

யானை வேலிக்கான துடிப்புக் கருவியை ஆராய்பவர்களுக்கு மிக முக்கியமான மொடல், கருவியைவிட வேலிக் கம்பிதான். கம்பியை நிலத்தோடு ஒரு கொள்ளளவியாகவும் ஒரு கசிவுத் தடையாகவும் எடுத்து, கசிவை மாற்றக்கூடிய பரமானமாக வையுங்கள். மாரியில் புல் வளர்ந்து கம்பியில் முட்டும்போது மாறுவது அந்த எண்தான். 20 மைக்ரோ பரட்டை 700 வோல்ற்றுக்கு ஏற்றினால் தேங்கும் சக்தி 4.9 யூல். இவ்வகைக் கருவிகளுக்கான சர்வதேசத் தரம் 500 ஓமுக்குள் ஒரு துடிப்புக்கு 5 யூலுக்கு மேல் விடக்கூடாது என்கிறது. வீட்டு மின்னை நேரே வேலிக் கம்பியில் கொடுப்பதற்கு எந்த மொடலும் வேண்டாம். அது யானையையும் கொல்லும், அதிகாலையில் வயலுக்குப் போகும் மனிதரையும் கொல்லும்.

## பகிரும்போது கெட்டுப்போவது எங்கே

மொடல் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. நாலைந்து வரிதான். ஆனாலும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதற்குள் அது பல விதமாகக் கெடுகிறது.

1. முனைகளின் ஒழுங்கு. உபசுற்றில் பெயர்கள் கணக்கில்லை, வரிசைதான் கணக்கு. செயற்பாட்டு விரியலாக்கிக்குப் பெருவழக்கு: + குறியிட்ட உள்ளீடு, − குறியிட்ட உள்ளீடு, நேர் வழங்கி, மறை வழங்கி, வெளியீடு. திரான்சிற்றர் மொடலில் சேகரிப்பான் (கலெக்டர்), அடி (பேஸ்), காலி (எமிற்றர்) என்ற வரிசை மாறாது. ஆனால் உறையின் கால்கள் மாறும்: பிசி547 இல் சேகரிப்பான், அடி, காலி, சி1815 இல் காலி, சேகரிப்பான், அடி. கீகேட்டில் குறியீட்டின் கால் இலக்கத்துக்கும் மொடலின் வரிசைக்கும் இடையில் ஒரு பொருத்த அட்டவணை இருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் ஓடவிட்டால், அடியும் காலியும் இடம் மாறிய திரான்சிற்றரும் ஏதோ ஒரு விடையைத் தரும். அந்த ஏதோ ஒரு விடைதான் ஆபத்து.

2. எம் என்ற எழுத்து. ஸ்பைஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றே. 1எம் என்றால் மில்லி. மெகா வேண்டுமானால் மெக் என்று மூன்று எழுத்தும் எழுத வேண்டும். மேலே சொன்ன பனலில் வெயில் அளவுக்கு மூன்றாவது முனை ஒன்றை விட்டு, அது அந்தரத்தில் நிற்காமலிருக்க நிலத்துக்கு ஒரு மெக் ஓம் போடுவது நல்ல பழக்கம். அதை 1எம் என்று எழுதினால் முனை ஆயிரத்தில் ஒரு ஓமால் நிலத்தோடு ஒட்டிவிடும். பனல் இருட்டிலேயே நின்றுவிடலாம். அதேபோல் கொள்ளளவிக்கு 1எஃப் என்று எழுதினால் ஒரு பரட் அல்ல, ஒரு பெம்ரோ பரட்.

3. சொற்செயலி. மொடலை வேர்ட்டில் ஒட்டி அனுப்பினால் கழித்தல் குறி நீள்கோடாகிறது, மேற்கோள் குறி வளைகிறது, மைக்ரோ குறி வேறு எழுத்தாகிறது. நோட்பாட்டிலேயே எழுதுங்கள், மைக்ரோவுக்கு ஆங்கில யு போதும். மொடலின் பெயரையும் ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது, எல்லா நிரலும் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை.

4. வாட்ஸப். திரையைப் படமெடுத்து அனுப்புவது பகிர்வு ஆகாது. பெறுபவர் கையால் திரும்ப அடிக்கும்போது ஒரு புள்ளி தவறினாலே ஐஎஸ் பத்து மடங்கு மாறும். கோப்பாகவே அனுப்பி, பெறும் பக்கத்தில் பெயருக்குப் பின்னால் இரண்டாவது நீட்சி ஒட்டிக்கொண்டதா என்றும் பார்க்க வேண்டும்.

5. முதல் வரி. முழுச் சுற்றையும் எழுத்தாகக் கொடுக்கும்போது கோப்பின் முதல் வரியை ஸ்பைஸ் தலைப்பாக எடுத்துக்கொள்ளும், வாசிக்காது. மொடலை அங்கே ஒட்டியவர் “மொடலைக் காணவில்லை” என்ற செய்தியோடு மணிக்கணக்கில் போராடுவார்.

6. பெயர் மோதல். 1என்4007 என்று உங்கள் மொடலுக்கும் பெயர் வைத்தால், பெறுபவரின் நூலகத்தில் ஏற்கெனவே இருக்கும் அதே பெயரோடு மோதும். எது எடுபடும் என்பது நிரலுக்கு நிரல் மாறும். பெயருக்குப் பின்னால் அளந்த இடம், ஆண்டு என்று ஏதாவது சேருங்கள்.

7. நிரல் வேறுபாடு. பிஸ்பைஸுக்கு எழுதிய உபசுற்று என்ஜிஸ்பைஸில் அப்படியே ஓடாது. பொருந்து நிலையை மாற்ற வேண்டிவரும். மறைகுறியாக்கிய மொடல்கள் அவற்றுக்குரிய நிரலுக்கு வெளியே ஓடவே மாட்டா.

கோப்பின் மேலே நட்சத்திரக் குறியிட்ட குறிப்பு வரிகளில் ஐந்து விடயங்கள் இருக்க வேண்டும்: உறுப்பின் மேல் அச்சிட்டிருந்த எழுத்து, அளந்த வெப்பநிலை, அளந்த ஓட்ட எல்லை, முனைகளின் வரிசை, எழுதாமல் விட்ட பரமானங்கள். இவற்றில் அதிகம் தவறவிடப்படுவது கடைசியானது. “ரிரி அளக்கவில்லை, நேராக்கிக்கு மட்டும் பயன்படுத்தவும்” என்ற ஒரு வரி இருந்திருந்தால் அந்த ஏற்று மாற்றி சுட்டிருக்காது. அளந்த வாசிப்புகளையும் ஒரு சின்னச் சோதனைச் சுற்றையும் கூடவே கொடுத்தால் பெறுபவர் தானே சரிபார்த்துக்கொள்வார்.

உரிமையையும் கவனிக்க வேண்டும். தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கிய மொடலைப் பயன்படுத்த அனுமதி இருக்கும். மற்றவர்களுக்கு மறுபடி வழங்க அனுமதி இல்லாமலும் இருக்கும். கோப்பின் தொடக்கத்தில் அது எழுதியிருக்கும், வாசியுங்கள். அப்படியானவற்றுக்கு இறக்கும் முகவரியையும் நீங்கள் செய்த திருத்தத்தையும் மட்டும் பகிருங்கள். நீங்களே அளந்து எழுதிய எண்கள் உங்களுடையவை. யாரும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி எழுதி விட்டுவிட்டால் வந்தாறுமூலையில் அளந்ததை ஒலுவிலில் இருப்பவர் தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்வார்.

## இன்னொருவர் மொடலைச் சுற்றில் வைப்பதற்கு முன்

1. மொடல் வரியைத் திறந்து, எந்தப் பரமானம் இல்லை என்று பாருங்கள். உங்கள் சுற்றுக்கு அது தேவையா? 50 ஹேர்ட்ஸ் நேராக்கிக்கு ரிரி இல்லாவிட்டாலும் கெடுதியில்லை.

2. தனி உறுப்பாக வைத்து ஓட்டத்தை 1 மில்லி அம்பியரிலிருந்து 1 அம்பியர் வரை ஏற்றி, வரைபைத் தரவுத்தாளின் வரைபோடு ஒப்பிடுங்கள்.

3. பின்முகமாக, குறித்த அழுத்தத்தையும் தாண்டி ஏற்றுங்கள். 1000 வோல்ற்று இருவாயி 5000 இலும் உடையாவிட்டால் அதில் பிவி எழுதப்படவில்லை.

4. வெப்பத்தை 25, 45, 65 என்று மாற்றி ஓடவிடுங்கள். அழுத்தம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதே பனல் மொடலின் பொறியைப் பிடித்துவிடும்.

5. சதுர அலை கொடுத்து, அணையும்போது பின்பக்க ஓட்டம் வருகிறதா என்று பாருங்கள். ஏற்று மாற்றியின் இருவாயிக்கு 2.9 மைக்ரோ விநாடி ரிரியைப் போட்டுத் திரும்ப ஓடவிட்டால், மொஸ்பெட் கடத்தத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் எழும் ஓட்டக் கூர் திரையிலேயே தெரியும். 108 நனோ விநாடிக்கு மாற்றினால் அது ஒடுங்கிவிடும். யுஎஃப்4007 ஐத் தேடி வாங்குவதா, மாற்றியின் அதிர்வெண்ணைக் குறைப்பதா என்பதை ஈயம் உருக்கும் முன்பே தீர்மானித்துவிடலாம்.